ஒரே பெயருடைய முன்னோர்



சென்ற மாதம் ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டனார் கல்லறையில் சிலுவை நாட்ட வேண்டுமென்று, அவர் இறந்த தேதியைக் கேட்டு வந்தார்கள். பெயர் சவரிமுத்து, தகப்பன் பெயர் அந்தோணி. மரணப் புத்தகத்தைப் புரட்டினேன். 1918-ம் ஆண்டு விஷக் காய்ச்சலில் மாண்டவர்களுள் அந்தோணி மகன் சவரிமுத்து அகப்பட்டார். தேதியை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவ்வீட்டு மூதாட்டி தடியூன்றி வந்து, "சாமி, என் புருஷன் பிறந்ததே 31-லே. அவங்க அப்பா 18-லே எப்படிச் செத்திருப்பாங்க?" என்று கேட்டார். நான் வெட்கிப்போனேன்.

நடந்தது இதுதான். நம்மவர் தலைமகனுக்குப் பாட்டன் பெயரை இடுகிறார்கள். பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததல்லவா? சவரிமுத்துவின் மகன் அந்தோணி, அந்தோணியின் மகன் சவரிமுத்து, அவன் மகன் மறுபடியும் அந்தோணி. ஆகவே பாட்டனுக்கும் பேரனுக்கும் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, தலைப்பெழுத்தும் ஒன்று! 1918-ல் இறந்தவர் இவர்கள் தேடிய பாட்டனாருக்கே பாட்டனார். சிலுவைக்குக் கல்தச்சனிடம் சொல்லுமுன் தெரிந்தது தேவ கிருபை.

இதில் தாயின் பெயரே நமக்குக் கைவிளக்கு. வெவ்வேறு குடும்பங்களிலிருந்து மருமகள் வருவதால், பாட்டனின் தாயும் பேரனின் தாயும் ஒரே பெயராயிருப்பது அபூர்வம். பெரியப்பன், சித்தப்பன் மக்களாகிய பல சவரிமுத்துகளுக்கோ தகப்பன் பெயரே போதும். குழந்தையில் இறந்த அண்ணன் பெயரை அடுத்துப் பிறந்தவனுக்கு இடுவதுமுண்டு. ஆகையால் முதலில் கண்ட ஞானஸ்நானப் பதிவோடு நின்றுவிடாதீர்கள்.

திரிதெந்தீன் சங்கம் 1563-ல் ஞானஸ்நானத்துக்கும் மெய்விவாகத்துக்கும் புத்தகம் வைக்கும்படி கட்டளையிட்டது. 1614-ம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் மரணத்துக்கும் வைக்கச் சொன்னது. 1908 முதல், மெய்விவாகம் செய்தவரின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறிக்க வேண்டுமென்பது சட்டம். அந்த ஓரக் குறிப்பு இருந்தால் இந்தச் சவரிமுத்து யாருடைய கணவன் என்று உடனே விளங்கும். மரணப் புத்தகத்தில் காணும் வயதை மட்டும் அதிகம் நம்பவேண்டாம். துக்க வீட்டில் சொல்லும் வயது பெரும்பாலும் ஐம்பது, அறுபது என்றே இருக்கும்.

சுவிசேஷகரும் இப்படித்தான் செய்தார்கள். யாகப்பர் இருவரில் ஒருவர் செபெதேயு மகன், மற்றவர் அல்பேயு மகன். மரியம்மாள்களில் ஒருவரை ஊரைக்கொண்டு மதலேனம்மாள் என்றும், ஒருவரைப் பிள்ளையைக்கொண்டு யாகப்பரின் தாய் என்றும் பிரித்தார்கள். ஸ்நாபக அருளப்பருக்கும் சுற்றத்தார் தகப்பனாகிய சக்கரியாஸின் பெயரையே இடப் பார்த்தார்கள்!

தேடுகிறவர்கள் தெரிந்தவரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அந்தப் பெயருள்ள எல்லாரையும் ஒரே தாளில் எழுதி, தாய், மனைவி, ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களைப் பக்கத்தில் குறியுங்கள். 1918-ல் அடக்கமானவர் 1925-ல் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. இப்படி ஒவ்வொருவராகக் கழியும். வீட்டுக் கிழவிகளையும் கேளுங்கள். மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ஆனால் யார் வயிற்றுப் பிள்ளை என்று தவறாமல் சொல்வார்கள்.

கல்லறைத் திருநாள் பூசைக்குப் பெயர் தருகிறவர்கள் இவ்வருடம் இறந்தவரின் தாயார் பெயரையும் சேர்த்து எழுதித் தாருங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி