டிஷ் கேபிளின் முனையைக் கவனியுங்கள்!

மழை விட்டு வெயில் வந்த பிறகும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால், கேபிளின் இரு முனைகளிலும் உள்ள எஃப் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து முதலில் கெடுவது பெரும்பாலும் அவைதான்.

1. கேபிள் வாங்கும்போது உறையில் 'ஆர்ஜி-6, 75 ஓம்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். நல்ல ஆர்ஜி-6 கேபிளிலேயே 1000 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழப்பு உண்டு. அதாவது, அனுப்பியதில் நூறில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வந்து சேரும். டிஷ்ஷிலிருந்து வரும் அலைகளோ 2150 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இழப்பு இன்னும் கூடும். மெலிந்த ஆர்ஜி-59 இதற்கு ஆகாது.

2. கேபிளின் பருமனுக்கு ஏற்ற கனெக்டரையே வாங்குங்கள். மொட்டைமாடிக்குத் திருகிப் போடும் வகை வேண்டாம். கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் வகைதான் நீர் புகாமல் நிற்கும்.

3. எஃப் கனெக்டருக்குத் தனியாகப் பின் கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே பின்னாக வேலை செய்யும்படி 1950களில் அமெரிக்காவின் ஜெரால்ட் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எரிக் வின்ஸ்டன் இதை வடிவமைத்தார். விலை மலிவாக இருப்பது அதனால்தான். கம்பியைச் சீவுவதில் கவனம் தேவைப்படுவதும் அதனால்தான். பல கேபிள்களில் நடுக்கம்பி, செம்பு பூசிய எஃகு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அந்த மெல்லிய பூச்சு போதும். பிளேடால் கீறினால் பூச்சு போய், எஃகு துருப்பிடிக்கும். பல்லால் கடித்து உரிப்பதை விட்டுவிட்டு, ஒரு கேபிள் ஸ்ட்ரிப்பர் வாங்கி வையுங்கள். உறைக்கு உள்ளே சுற்றியிருக்கும் வலைக்கம்பியை உறையின் மேல் பின்னுக்கு மடியுங்கள். அதில் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். உள்ளே வெள்ளை நுரை கனெக்டரின் அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீண்டால் போதும்.

4. கழற்றும் முன் செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இதே கேபிள் வழியாகத்தான், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. இடி மின்னல் நேரத்தில் மாடிப் பக்கமே போக வேண்டாம்.

5. எல்என்பி பக்கம் கையால் இறுக்கிய பின், 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பாக்ஸ் பக்கம் கையிறுக்கமே போதும்.

6. தண்ணீர்தான் பெரிய எதிரி. கம்பியில் எப்போதும் வோல்டேஜ் இருப்பதால், ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு வெகுவேகமாகப் பிடிக்கும். எல்என்பிக்கு அருகே கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டரின் மேல், தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும். சுற்றும்போது கீழிருந்து மேலாகப் போங்கள். ஓட்டுக்கூரையைப் போல மேல்சுற்று கீழ்ச்சுற்றை மூடி நிற்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசை மட்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும்.

7. கேபிளை 7 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக மடக்காதீர்கள்; ஜன்னல் கதவில் நசுங்கவும் விடாதீர்கள். நசுங்கிய இடத்தில் 75 ஓம் மாறி, சிக்னலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும்.

8. டிஷ்ஷுக்குப் பதில் கேபிள் டிவி வைத்திருந்தால், அதன் ஸ்ப்ளிட்டரில் காலியாக உள்ள வாயில் 75 ஓம் டெர்மினேட்டரை மாட்டுங்கள்.

9. வானம் தெளிவாக உள்ள நாளில், செட்டாப் பாக்ஸ் மெனுவில் காட்டும் சிக்னல் அளவையும் தரத்தையும் தேதியோடு எழுதி பாக்ஸிலேயே ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அதே சேனலில் ஒப்பிடுங்கள். கனமழையில் எண் இறங்கி, மழை நின்றதும் ஏறினால் கவலை இல்லை. வெயிலடித்த பிறகும் ஏறாவிட்டால், கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

10. மல்டிமீட்டர் இருந்தால், இரு முனைகளையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே சோதியுங்கள். பீப் சத்தம் வந்தால் ஷார்ட். சத்தம் வராததால் மட்டும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். நசுங்கல், ஈரம் எல்லாவற்றையும் இந்தச் சோதனை காட்டாது.

11. முனையில் களிம்பைக் கண்டால், துடைத்து மறுபடி மாட்டாதீர்கள். ஈரம் வலைக்கம்பி வழியே உள்ளே ஏறியிருக்கும். உள்ளே பளபளப்பான வலை தெரியும்வரை கேபிளை வெட்டித் தள்ளிவிட்டு, புதிய கனெக்டரைப் போடுங்கள்.