கறுப்பு காரில் வட்டக் கோடுகள்

என் கறுப்பு காருக்கு நானே மெஷின் பாலிஷ் போட்டேன். நிழலில் பளபளக்கிறது; வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். எப்படிப் போக்குவது? – வாசகர், ஈரோடு

பெயின்ட்டைத் திட்டாதீர்கள். வெள்ளை காரிலும் இதே கோடுகள் இருக்கும். கண்ணில் படாது, அவ்வளவுதான். உங்களுக்குக் கடைசிக் கட்டம்தான் பாக்கி. காம்பவுண்டும் கம்பளிப் பேடும் பெரிய கீறல்களை எடுத்துவிட்டுத் தம் பங்குக்குச் சின்னக் கோடுகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கும்.

ரோட்டரி மெஷினாக இருந்தால் ஓரமாக வையுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷின், மெத்தென்ற ஃபோம் பேடு, ஃபினிஷிங் பாலிஷ்: இவை போதும். காரை நன்றாகக் கழுவி, நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்கு 2 அடிக்கு 2 அடி. மெஷினின் எடையே போதும், நீங்களும் சேர்ந்து அழுத்த வேண்டாம். கையை மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலிஷ்தான் பாதிக் கோடுகளுக்குக் காரணம்.

துடைத்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை மூடி ஏமாற்றும். தண்ணீர் கலந்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்துவிட்டு, எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கோடு தெரியாவிட்டால் வாக்ஸ் போடலாம்.

தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். மறுபடி கோடு விழும், மறுபடி பாலிஷ் போட வேண்டிவரும். பெரும்பாலான கார்களில் பெயின்ட்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்றுவிடும்.