சினிமா பாடம் எடுக்கப் போகும் இளையவர்களுக்கு

தொழிலில் இருந்துகொண்டே வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கல்லூரிக்குப் போய்ச் சினிமா சொல்லிக்கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) துறைகளில் கேமராவும் எடிட்டிங்கும் திரைக்கதையும் கற்பிப்பவர்களில் பலர் உங்களைப் போன்ற கெஸ்ட் லெக்சரர்கள்தாம். உங்களுக்குத் தனி அறை இருக்காது. பிள்ளைகளோடு மூன்றாண்டும் இருக்கப் போவதில்லை. கையில் இருப்பவை சில மணி நேரங்கள். அவற்றில் செய்ய வேண்டிய முதல் வேலை, படம் பார்த்துப் பழகிய பிள்ளைகளைப் படத்தைக் கவனிக்கப் பழக்குவது. மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

1. வகுப்பில் முழுப் படத்தை ஓட்டாதீர்கள். இரண்டரை மணி நேரப் படம் இரண்டு பீரியடுக்குள் அடங்காது. திரையிடலுக்குத் தனி நாள் கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பார்த்துவரச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரே ஒரு காட்சியை எடுத்து மூன்று முறை போடுங்கள்: முதலில் அப்படியே, அடுத்து ஒலியை நிறுத்தி, பிறகு திரையை மறைத்து ஒலியை மட்டும். எத்தனை கட் என்று எண்ணச் சொல்லுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். சொல்லவே தெரியாது என்றிருந்த பிள்ளைகூட மூன்றாம் முறை கை தூக்கும்.

2. அவர்கள் மொழியின் படங்களிலிருந்து தொடங்குங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. நடந்த கொலையைப் பற்றிச் சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தம் கோணத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். பார்வைக் கோணம் என்பதை விளக்க அதைவிட நல்ல பாடம் வேண்டாம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படிக்கக் கொடுத்துவிட்டு, அதைத் தழுவி மகேந்திரன் 1979இல் எடுத்த ‘உதிரிப்பூக்க’ளைப் போடுங்கள். எழுத்தில் இருந்து எது விடப்பட்டது, எது புதிதாக வந்தது என்று அவர்களே பட்டியல் போடட்டும்.

3. அங்கிருந்து உலகத்துக்குக் கூட்டிப் போங்கள். பாலுமகேந்திரா ‘வீடு’ (1988) படத்தைத் தானே இயக்கி, ஒளிப்பதிவு செய்து, எடிட்டிங்கும் செய்தார். அதில் சுதாவுக்கு வேண்டியது சொந்தமாக ஒரு வீடு. விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் அந்தோனியோவுக்கு வேண்டியது ஒரு சைக்கிள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த மாணவருக்கு இத்தாலிய நியோரியலிசத்தை நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

4. கருவி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1919இல் தொடங்கிய மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் பிலிம் சுருளுக்குப் பெரும் தட்டுப்பாடு. அங்கே கற்பித்த இயக்குநர் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் சுருளே இல்லாமல் காட்சிகளை ஒத்திகை பார்த்துப் பழகினார்கள். உங்கள் மாணவரின் பையில் போன் இருக்கிறது. 1895இல் லூமியர் சகோதரர்கள் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 விநாடிதான் ஓடின. அதே அளவில் ஒரு ஷாட் எடுத்துவரச் சொல்லுங்கள். போனை அசைக்கக் கூடாது, ஜூம் கூடாது, பின்னணி இசை கூடாது. பஸ் ஸ்டாண்டோ டீக்கடையோ, எதை எங்கே நின்று எடுப்பது என்று முடிவெடுக்கும்போதுதான் ஃப்ரேம் என்றால் என்னவென்று கைக்குத் தெரியும்.

5. குறும்படக் குழுவில் வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். நீங்கள் கவனிக்காவிட்டால் கேமரா பையன்களிடமும் காஸ்ட்யூம் பெண்களிடமும் போய்விடும். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கேமராவைப் பிடிக்க வேண்டும், ஒரு முறையாவது எடிட்டிங்கில் உட்கார வேண்டும். எதற்கு எத்தனை மார்க் என்பதை முதல் வகுப்பிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவரவர் செய்த வேலையைத் தனி நோட்டில் எழுதி வாங்கினால், லைட் பிடித்தவரின் உழைப்பும் மார்க்கில் சேரும்.

6. தமிழில் சொல்லிக்கொடுக்கத் தயங்காதீர்கள். பல பிள்ளைகள் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொழிலில் புழங்கும் சொல் அப்படியே இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும். திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரனின் சினிமா நூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. முதல் மாதத்திலேயே கையில் கொடுங்கள்.

7. திரையிடலுக்கான சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி நிறுவனம் தன் பணியின் பகுதியாக மாணவர், ஊழியர், பெற்றோர் போன்றோருக்கு மட்டும் படம் காட்ட 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளியாட்களுக்கு டிக்கெட் போட்டுக் காட்டுவது அதில் சேராது. அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

8. சம்பளத்தைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். பணி ஆணையை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்புக்கு எவ்வளவு, தேர்வுத்தாள் திருத்தினால் உண்டா, விடுமுறை மாதத்தில் என்ன நிலை என்பதைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள். கெஸ்ட் ஃபேகல்டிக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019இல் வழிகாட்டியது. அந்தத் தொகையை எல்லாக் கல்லூரியும் தருவதில்லை. ஆனால் பேச உட்காரும்போது அது உங்கள் நினைவில் இருக்க வேண்டும். எடுத்த வகுப்புகளை அன்றன்றே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தொழிலில் 15 ஆண்டு கடந்தவர்களுக்கு 2022இல் வந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற ஆசிரியர் பணி வழியும் உண்டு, அதற்குப் பிஎச்.டி. கட்டாயமில்லை.

9. பிள்ளைகளின் ஆசையை வைத்து வேலை வாங்காதீர்கள். உங்கள் ஷூட்டிங்குக்கு அவர்களைச் சம்பளமில்லாத கையாளாகக் கூட்டிப் போவது கூடவே கூடாது. ‘டைரக்டரிடம் சேர்த்துவிடுகிறேன்’ என்று உறுதி கொடுக்காதீர்கள். தொழிலில் நாள் எப்படிப் போகும், பேட்டா எவ்வளவு, வேலை இல்லாத மாதங்களை எப்படிச் சமாளிப்பது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

10. குறைந்த நேரத்துக்கு வருகிறோம் என்று உங்கள் வேலையைக் குறைவாக எண்ணாதீர்கள். வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் 1960களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் கற்பித்தது சில காலம்தான். பின்னாளில் இயக்குநர்களான மணி கவுல், குமார் ஷஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். அந்த ஜான் ஆபிரகாம்தான் 1977இல் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தார். ஆசிரியர் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைவிட, இருந்த நேரத்தில் மாணவரை எதைப் பார்க்க வைத்தார் என்பதே பிறகு படமாகிறது. அந்த நம்பிக்கையோடு வகுப்புக்குள் போங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முந்தின இரவே தயாராகிப் போங்கள்.