பெயர் மாறும் வட்டும் மாறாத எண்ணும்

திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டு எந்தக் கதவில் தொங்கினாலும் சாவிக்குக் கவலையில்லை. பூட்டின் உள்ளமைப்பே அதற்கு அடையாளம். வீட்டுச் சர்வரில் யூ.எஸ்.பி. வட்டுகளை இணைக்கும் மாணவ நண்பர்களுக்கும் இதுவே முதற்பாடமாகும்.

லினக்ஸ் கணினி, வட்டுகளுக்கு 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' எனக் கண்டறியும் வரிசையில் பெயரிடுகிறது. கணினியை மீண்டும் இயக்கும்போது வரிசை மாறினால் பெயரும் மாறும். எங்கள் வீட்டில் ஒரு மின்தடைக்குப் பின் இவ்வாறே வட்டு இணையாது போயிற்று. நகலெடுக்கும் நிரல் அதை அறியவில்லை. வட்டுக்கென ஒதுக்கிய வெற்றுக் கோப்புறையில், அதாவது கணினியின் உள்வட்டிலேயே, நாள்தோறும் எழுதி வந்தது. பின்னர் உள்வட்டு பழுதடைந்தது. மூன்று மாதக் குடும்பப் படங்கள், மூலமும் நகலும் ஒருசேர அழிந்தன.

இதனைத் தடுக்கும் வழிகள் நான்கு:

1. வட்டை வடிவமைக்கும்போது கோப்பு முறைமையில் 'யூ.யூ.ஐ.டி.' என்னும் தனி எண் பதிகிறது. 'பிஎல்கேஐடி' கட்டளை அதைக் காட்டும். 'எஃப்எஸ்டேப்' கோப்பில் பெயருக்குப் பதிலாக அவ்வெண்ணை எழுதுக.

2. அவ்வரியில் 'நோஃபெயில்' எனச் சேர்த்தால், வட்டு இல்லாவிடினும் கணினி தொடங்கும்.

3. ஆயின் வட்டு இல்லாத குறை வெளியே தெரியாது. எனவே நகலெடுக்குமுன் 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதிக்கச் செய்க. வட்டு இல்லையெனில் நிரல் நின்றுவிட வேண்டும்.

4. கழற்றுமுன் 'யூமவுண்ட்' கட்டளை இடுக. நினைவகத்தில் தேங்கிய தரவு அப்போதுதான் வட்டில் முழுமையாக எழுதப்பெறும்.

பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். எடுத்த நகலையும் அவ்வாறே திறந்து பார்ப்போமாக!