வண்டி ஓடுதே, அப்புறம் என்ன?

மீட்டர் போர்டில் ஒரு சிவப்புப் படம் இருக்கிறது. சீட்டில் ஓர் ஆள், அவர் நெஞ்சுக்கு எதிரே ஒரு பெரிய உருண்டை. சாவியைத் திருப்பியதும் எரிந்து, ஐந்தாறு நொடியில் தானாக அணைய வேண்டிய விளக்கு அது. அணையாமல் நின்றால் என்ன செய்வது என்று சின்னசேலம் பக்கத்து நைனார்பாளையத்தில் நான்கு பேரைக் கேட்டால் நான்கு வைத்தியம் கிடைக்கும். இஞ்சின் லைட்டுக்கு இருக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. ஏர்பேக் லைட் எரிகிற வண்டி இழுவையில் குறையாது, மைலேஜில் குறையாது, புகை தள்ளாது. பழுதின் பலன் வண்டிக்கு வராது, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வரும். அதனால்தான் அதைச் சுற்றி இத்தனை கதைகள்.

“லைட் எரிஞ்சா எரியட்டும், இடிச்சா தானா விரியும்”

பரவலான நம்பிக்கை இதுதான், ஆபத்தானதும் இதுதான். ஏர்பேக்குக்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. பெரும்பாலான கார்களில் கியர் லிவருக்கு அடியிலோ ஹேண்ட்பிரேக் பக்கத்திலோ தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சாவி போடும் ஒவ்வொரு முறையும் அது பைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் மோதல் சென்சார்களுக்கும் போகிற சுற்றுகளைச் சோதித்துப் பார்க்கும். பையை விரிக்கும் பகுதியில் பட்டாசுத் திரி போல ஒரு மின்திரி இருக்கிறது. அதன் தடை சுமார் 2 ஓம். அந்தச் சுற்றின் அளவு கூடினாலோ குறைந்தாலோ பெட்டி தன் நினைவில் ஒரு பழுதுக் கோடு (code) எழுதிக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும். பழுதையும் வண்டியையும் பொறுத்து அந்த ஒரு சுற்று மட்டும் செயலிழக்கலாம், மொத்த அமைப்பும் ஒதுங்கிக்கொள்ளலாம். எது என்று விளக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மோதும் கணத்தில் முன்சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து உடம்போடு இறுக்கும் பிரிடென்ஷனரும் அதே பெட்டியின் கட்டளைக்குத்தான் காத்திருக்கிறது. ஆகவே லைட் எரியும்போது பெல்ட்டின் அந்த இழுப்பும் சந்தேகம்தான்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் போய்வருகிற வண்டிக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. நான்கு வழியாகப் போட்ட சாலையில் சின்னசேலம், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் புறவழிகளை இருவழியாகவே விட்டார்கள். நடுத்தடுப்பு இல்லாத அந்தத் துண்டுகளில் நடந்த நேருக்கு நேர் மோதல்களைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிரான பயமும் உண்டு. லைட் எரிந்தால் ஏதாவது ஒரு குழியில் இறங்கும்போது பை முகத்தில் வெடித்துவிடுமாம். அந்தப் பயத்தில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு சென்சார் இருக்கிறது. வெளியே இருக்கும் சென்சார் சொல்வதை அதுவும் ஒப்புக்கொண்டால்தான் பெட்டி திரியைப் பற்றவைக்கும். எரியும் லைட் பெரும்பாலும் “விரியாமல் போகலாம்” என்பதைத்தான் சொல்கிறது.

“ஸ்கேனர் போட்டாங்க, ஏர்பேக்கே போச்சாம்”

இங்கேதான் காசு வீணாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதலில், போனோடு புளூடூத்தில் சேரும் மலிவான ஓ.பி.டி. கருவிகளில் பல இஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பெட்டியோடு அவற்றுக்குப் பேச்சே கிடையாது. “கோடு ஒண்ணும் இல்லண்ணே” என்று அதை வைத்துக்கொண்டு யாராவது சொன்னால், பார்க்கவில்லை என்று பொருள். அந்த மாடலின் ஏர்பேக் பெட்டிக்குள் போகிற ஸ்கேனர் வேண்டும். சின்னசேலத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஒர்க்‌ஷாப்பில் நுழையும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

அடுத்தது, கோடு கிடைத்த பிறகு செய்யும் தவறு. “டிரைவர் ஏர்பேக் சுற்று, தடை அதிகம்” என்று ஸ்கேனர் காட்டினால் அது ஒரு பாதையின் பெயர். அந்தப் பாதையில் பை இருக்கிறது, கப்ளர்கள் இருக்கின்றன, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப இந்த ரிப்பன் கேபிளும் சுருண்டு விரிந்து, ஒருநாள் அறுந்துவிடும். அறுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல துப்பு ஹார்னும் ஸ்டீயரிங் பட்டன்களும்தான். ஏர்பேக் லைட் எரிய ஆரம்பித்த காலத்திலேயே ஹார்ன் விட்டுவிட்டு அடிக்கிறது, வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், சந்தேகம் முதலில் கிளாக் ஸ்பிரிங் மேல்தான் விழ வேண்டும். பையை மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டை அதுவரை மடித்து வைக்கலாம்.

விஷயம் தெரிந்த மெக்கானிக் பையைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் அதே தடையுள்ள சோதனைக் கருவியை மாட்டிப் பார்ப்பார். கோடு மாறினால் பழுது பையில், மாறாவிட்டால் வயரிலோ ஸ்பிரிங்கிலோ. மல்ட்டிமீட்டரைப் பையின் முனைகளில் நேரடியாக வைப்பவர் கையில் வண்டியை விடாதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே திரியைப் பற்றவைத்துவிடக் கூடும் என்பதால் தயாரிப்பாளர்கள் அதைத் தடை செய்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி பார்க்கும் இன்னொரு காரணம் மிக மலிவானது. முன்சீட்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள், மஞ்சள் நிறக் கப்ளர் தெரியும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளியும், அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் இடித்தும் அது தளரும். அதைவிடச் சகஜமானது சீட் கவர் வேலை. சீட்டைக் கழற்றும்போது கப்ளரைப் பிரிப்பார்கள். அந்த நேரம் பாட்டு கேட்க யாரோ சாவியைப் போடுவார்கள். அவ்வளவுதான், பெட்டி எழுதிக்கொண்டது. கப்ளரைத் திரும்ப மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு அணையாது, ஸ்கேனரில் கோடை அழிக்க வேண்டும். கெட்டுப்போன பாகம் எதுவும் இல்லாமலே லைட் எரியும் வழி இது. சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிக்குக் கனமான சாதாரணக் கவர் தைப்பதும் தப்பு. தையல் கிழிந்து பை வெளியே வர வேண்டிய இடத்தை அது மூடிவிடும்.

நீங்களாகவே கப்ளரைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தால் அடக்கிக்கொள்வது நல்லது. தொட்டே ஆக வேண்டும் என்றால் சாவியை எடுத்து, பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். விபத்தில் பாட்டரி துண்டிக்கப்பட்டாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பில் இருக்கும். அது வடிய நேரம் வேண்டும்.

பாட்டரியை ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தால் லைட் போய்விடும் என்பது இந்த விதியிலிருந்து முளைத்த தவறான கிளை. ஏர்பேக் கோடுகள் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவில்தான் பொதுவாகப் பதிகின்றன. பாட்டரி வலுவிழந்து கிடந்ததாலேயே வந்த கோடு என்றால்கூட, பாட்டரியைச் சரிசெய்த பிறகு பல வண்டிகளில் ஸ்கேனர்தான் வேலையை முடிக்கும்.

மக்காச்சோளம் அறுத்த பிறகு களத்திலிருந்து எலி எங்கே போகும் என்று விவசாயிக்குத் தெரியும். கொட்டகையோரம் நிற்கும் காரின் பானெட்டும் அதற்கு ஒரு வீடுதான். முன்பக்க மோதல் சென்சாரின் வயர் அங்கேதான் ஓடுகிறது. கடித்த இடத்தை முறுக்கி டேப் ஒட்டுவது ஹெட்லைட் வயருக்குச் சரி, இந்த வயருக்குச் சரியில்லை. ஒட்டில் தடை கொஞ்சம் மாறினாலும் பெட்டியின் கணக்கு மாறும். பொதுவாகத் தயாரிப்பாளர்கள் சொல்வது அந்த வயரிங் பகுதியையே மாற்ற வேண்டும் என்றுதான். உள்ளே தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவுகிறவர்கள், அந்தத் தரையில்தான் பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

“லைட்டே எரியல, வண்டி சுத்தம்”

பழைய கார் வாங்கப் போகும்போது கேட்கும் வாக்கியம் இது. பல்பைப் பிடுங்கினாலும் லைட் எரியாது. ஆகவே லைட் எரிகிறதா என்று பாருங்கள், பிறகு அணைகிறதா என்று பாருங்கள். சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில் லைட்டும் பாட்டரி லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும்போது ஏர்பேக் லைட் மட்டும் சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் ஆயில் லைட்டோடு சேர்ந்து அதுவும் அணைகிறது என்றால், யாரோ இரண்டையும் ஒரே வயரில் கட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. விபத்தில் விரிந்துபோன பையின் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகிவிடுவார்கள். பெட்டி ஏமாறும், ஸ்கேனரும் ஏமாறும். அதைக் கண்டுபிடிக்கக் கண்தான் வேண்டும். ஸ்டீயரிங் நடுமூடியின் நிறமோ பொருத்தமோ மாறியிருக்கிறதா, டாஷ்போர்டில் ஒட்டுப்போட்ட தடம் தெரிகிறதா, பெல்ட் தளர்ந்து தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றையும் கேளுங்கள்.

“பெல்ட் சத்தம்தானே, கிளிப் போட்டா போச்சு”

சீட் பெல்ட் ஒலியை நச்சரிப்பாக நினைப்பதால் பிறந்த வியாபாரம் இது. லாக்கில் செருகும் நாக்கு மட்டும் தனியாக, பெல்ட் இல்லாமல் விற்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து தளங்களுக்கு அவற்றை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2021இல் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் 16,397 பேர், அவர்களில் 8,438 பேர் ஓட்டுநர்கள். பெல்ட் போடாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு விதிக்கும் அபராதம் 1,000 ரூபாய். கிளிப் போலீஸ் கண்ணையும் ஏமாற்றாது என்பதால் அபராதத்துக்குக்கூட அது உதவாது.

கிளிப்பின் கேடு சத்தத்தை நிறுத்துவதோடு முடிவதில்லை. லாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் ஏர்பேக் பெட்டிக்கும் தகவல் கொடுக்கிறது. பல வண்டிகளில் பெல்ட் போட்டவருக்கு ஒரு கணக்கு, போடாதவருக்கு வேறு கணக்கு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் தரும் அளவில், கெட்டியான சுவரில் மோதுவதற்குச் சமமாக மணிக்குச் சுமார் 16 முதல் 19 கிலோமீட்டரிலேயே பெல்ட் போடாதவருக்குப் பை விரியும். போட்டவருக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வரை பெல்ட்டே போதும் என்று பெட்டி காத்திருக்கும். கிளிப் செருகியவர் போடாத பெல்ட்டைப் போட்டதாகப் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டுவதும் அதே பொய்தான்.

“ஏர்பேக் இருக்கே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மோதியபின் பை விரிந்து முடிக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அதற்குள் முன்னால் பாய்ந்துவிட்ட உடம்பு, விரிந்து முடிந்த பையில் சாயாது, விரிந்துகொண்டிருக்கும் பையில் மோதும். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த மெர்சிடிஸ் காரில் ஏர்பேக்குகளுக்குக் குறைவில்லை. பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்த இருவரும் இறந்தார்கள், முன்சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள்.

சரி, உண்மையிலேயே சென்சார் பழுதானால்? பக்கத்துச் சீட்டில் காய்கறிப் பையோ பால் கேனோ வைத்ததும் சத்தம் வந்தால் அது பழுதில்லை. சீட்டுக்குள் இருக்கும் எடை விரிப்பு தன் வேலையைச் செய்கிறது, சுமையைப் பின்னால் மாற்றுங்கள். காலிச் சீட்டிலும் கத்தினால் விரிப்பு நனைந்திருக்கலாம், சீட்டில் மண்டி போட்டு ஏறி ஏறி உடைந்தும் இருக்கலாம். பெல்ட் போட்டும் கத்தினால் முதலில் லாக்கின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். பொரி, கடலைத் தோல், ஒரு ரூபாய்க் காசு எல்லாம் அங்கே கிடைக்கும். ஒருவர் பெல்ட்டை மாட்டிக் கழற்ற, இன்னொருவர் ஸ்கேனரில் “மாட்டியது, மாட்டவில்லை” என்று மாறுகிறதா எனப் பார்த்தால் சுவிட்சா வயரா என்பது தெரிந்துவிடும்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் சொல்லும் குறை வேறு மாதிரி. சரிவில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு பெல்ட்டை இழுத்தால் வர மறுக்கிறது, சென்சார் போய்விட்டது என்கிறார்கள். அது மின்சார சமாச்சாரமே இல்லை. பெல்ட் சுருளுக்குள் வண்டியின் சாய்வுக்கும் உலுக்கலுக்கும் அசையும் சின்ன உருண்டையோ ஊசலோ இருந்து பல்லைப் பிடித்துக்கொள்கிறது. வெடுக்கென்று இழுத்தாலும் பிடிக்கும். கொஞ்சம் உள்ளே விட்டு, மெதுவாக இழுங்கள். சமதளத்திலும் வரவில்லை என்றால்தான் சுருளைப் பார்க்க வேண்டும்.

முன்னால் கம்பி பம்பர் போட்டால் பாதுகாப்பு என்பதைப் பற்றி ஒரே வரி. மோதல் வேகத்தை சென்சார் அளக்கும் விதத்தையே அது குழப்பும், மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

“லைட் சரியா அணையுது, கவலை இல்ல”

சில குறைகளைப் பெட்டியாலேயே பார்க்க முடியாது. ஜப்பானின் தகாதா நிறுவனம் பையை விரிக்க அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. சுற்றின் தடை சரியாகவே இருந்ததால் விளக்கு கடைசிவரை அமைதியாக இருந்தது. நம் வெயிலும் புழுக்கமும் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஆகாது. இந்தியாவில் ஹோண்டா பல கட்டங்களாக அந்த ஏர்பேக் பாகத்தை மாற்றிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது வேறு காரணத்துக்காக. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா மாடல்களில் 2022 டிசம்பர் 8க்கும் 2023 ஜனவரி 12க்கும் இடையே தயாரானவற்றில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியே சந்தேகமாக இருந்தது. மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள் என்றே நிறுவனம் சொன்னது.

இப்படிப்பட்ட அழைப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குத்தான் போகும். மூன்று கை மாறி நைனார்பாளையம் வந்து சேர்ந்த காருக்கு அது வந்திருக்காது. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டாலோ, அதே கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினாலோ பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இருந்தால் மாற்றுவது இலவசம், வண்டி எத்தனாவது கை என்று கேட்பதில்லை.