கண்டெடுத்த நகை பொன்னா, பித்தளையா?



கெல்லிவில்லில் வசிக்கும் எமது அங்கத்தவர் ஒருவர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றார். விடுமுறை நாட்களில் விடியுமுன்னரே கடற்கரைக்குப் போய்விடுவார். இதுவரை அவர் கொண்டுவந்தவை பெரும்பாலும் சோடாத் தகரங்களின் இழுப்பு வளையங்களும் சில்லறைக் காசுகளுமே. சென்ற தை மாதம் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்தார். மணலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடந்ததாம். சங்கிலியில் தாலி கோத்திருந்தது.

"இது பொன்தானா அண்ணை?" என்று எம்மில் மூத்தவரிடம் கேட்டார். மோதிரமோ தோடோ என்றால் வேடிக்கையாகப் பேசியிருப்போம். தாலி என்றதும் எல்லோரும் மௌனமாகிவிட்டோம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள் அல்லவா? அன்று நாம் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

முதலில் கருவியைப் பற்றி ஒரு சொல். அது மின்சாரம் கடத்தும் பொருள் எதுவானாலும் சத்தமிடும். பொன் என்று தனியாக அறியாது. ஒரு சிறு பொன் மோதிரமும் அலுமினிய இழுப்பு வளையமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே குப்பையை ஒதுக்கும்படி கருவியைத் திருப்பி வைப்பவர் பொன்னையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றார். தோண்டிப் பார்க்கச் சலிக்காதவருக்கே கிடைக்கும். 1980 இல் விக்டோரியாவின் கிங்கோவர் என்னும் ஊருக்கு அருகில் 27 கிலோ எடையுள்ள பொற்கட்டி அகப்பட்டதும் இத்தகைய கருவி ஒன்றினாலேதான். அது இன்று லாஸ் வேகாசில் ஒரு சூதாட்ட விடுதியில் காட்சிக்கு இருக்கின்றது!

சரி, சங்கிலிக்கு வருவோம். நன்னீரில் மெதுவாகக் கழுவினோம். பற்பசையோ தூரிகையோ போடவில்லை. உயர்ந்த மாற்றுப் பொன் உப்பு நீரில் எத்தனை நாள் கிடந்தாலும் நிறம் மாறாது. பித்தளையும் செம்பும் பச்சை பிடிக்கும், வெள்ளி கறுக்கும். தாலி பளிச்சென்று இருந்தது. சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் மஞ்சள் போய் வேறு நிறம் தெரிந்தது. முலாம் முதலில் தேய்வது அந்த இடங்களில்தான். அங்கேதான் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து முத்திரை. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு பொன், அதாவது 22 கரட். 750 என்பது 18 கரட், 375 என்பது 9 கரட். நம்மவர் 375 ஐக் கண்டால் முகம் சுளிப்பதுண்டு. பாதிக்கும் குறைவான பொன்தான். ஆயினும் இந்நாட்டுக் கடைகளில் அது முறையான நகையே, போலி அன்று. 925 என்றிருந்தால் வெள்ளிக்கு முலாம் பூசியது. ஜி.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தாலும் முலாம்தான். 2021 முதல் இந்தியாவில் ஹால்மார்க் நகைகளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமும் பொறிக்கின்றார்கள். ஊரில் பத்தரிடம் சொல்லிச் செய்வித்த பழைய நகைகளிலோ பெரும்பாலும் எந்த முத்திரையும் இராது. முத்திரை இல்லாததால் பொன் அல்ல என்று முடிவு கட்ட வேண்டாம். எமது தாலியிலும் ஒன்றும் இருக்கவில்லை.

காந்தத்தைப் பலரும் நம்புகின்றார்கள். பொன் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை; பித்தளையும் செம்பும் ஒட்டாதே! மேலும் நல்ல பொன் சங்கிலியிலும் கொளுக்கியின் உள்ளே உருக்குச் சுருள் இருந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டும்.

எமக்குக் கைகொடுத்தது ஆர்க்கிமிடீசின் வழிதான். கிராமின் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசு வேண்டும். நகையை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பின் தராசில் நீருள்ள கோப்பையை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, நகையை நூலில் கட்டி நீருக்குள் தொங்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையைப் பிரியுங்கள். 22 கரட்டுக்கு விடை 17½ இற்குச் சற்று மேலே வரும், 18 கரட்டுக்கு 15½ அளவில், 9 கரட்டுக்கு 11 அளவில், பித்தளைக்கு 8½. கல் பதித்த நகைக்கும், உள்ளே அரக்கு நிரப்பிய அட்டிகைக்கும், பொள்ளல் மணிக்கும் இது சரிவராது.

தாலி 4.02 கிராம். நீரில் காட்டியது 0.23. விடை 17.5. சங்கிலி 9.60 கிராம், நீரில் 1.12; விடை 8.6. தாலி பொன், சங்கிலி பித்தளை! எமது அங்கத்தவரின் துணைவியார் சிரித்துவிட்டார். "கடற்கரைக்குப் போகப் பயந்து கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாலியை மட்டும் கவரிங் சங்கிலியில் போட்டிருக்கிறா" என்றார். சிதம்பரம் கவரிங் எத்தனை குடும்பங்களில் காவல் காத்திருக்கின்றது! அன்று மட்டும் கைவிட்டுவிட்டது.

இவ்வளவு சிறிய நகையில் 0.01 பிசகினாலும் விடை நிறைய மாறும். எனவே பொன் என்று சொல்லலாம். 22 கரட் என்று அடித்துச் சொல்ல உரைகல்லும் அமிலமும் வேண்டும். நைத்திரிக் அமிலத்தை வீட்டில் தொடவேண்டாம், நகைக்கடையில் கேளுங்கள். எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அது மேற்பரப்பை மட்டுமே படிப்பதால் தடித்த முலாம் அதையும் ஏமாற்றும். கடித்துப் பார்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பொன் என்று தெரிந்ததும் சிலர், "கோவில் உண்டியலில் போட்டுவிடலாமே" என்றனர். நல்லெண்ணம்தான், ஆனால் அது எமது பொருள் அன்று. உரியவரைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடும் என்று தெரிந்தும் வைத்துக்கொண்டால், இம்மாநிலச் சட்டத்தில் அதுவும் திருட்டே. ஆகவே மறுநாளே பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றோம்.

தாலியின் வடிவத்தையும் அதனோடு கோத்திருந்தவற்றையும் எந்தக் கடற்கரை என்பதையும் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. உரியவர் அவற்றைத் தாமே சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் சென்ற கோடை விடுமுறையில் கடலில் தாலியைத் தவறவிட்டிருந்தால், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் எம்மை வந்து சந்திக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு எம்மிடம் இருக்கின்றது.