சிறார் நூலுக்கு ஒரு விருது

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"மண் ஈரமாக இருக்கும்போதே உருக்கொடுக்க வேண்டும், சூளையில் வெந்தபின் திருத்த இயலாது." விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்யும் என் தந்தை அடிக்கடி கூறுவது இது. குழந்தை உள்ளமும் அத்தகையதே அன்றோ!

சிறார் இலக்கியத்திற்கெனச் சாகித்திய அகாதெமி 2010 முதல் 'பால சாகித்திய புரஸ்கார்' விருதை 24 மொழிகளில் வழங்கி வருகிறது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் பரிசாகும். தமிழில் முதல் விருதை 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' நூலுக்காக மா. கமலவேலன் பெற்றார். 2014இல் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' நூலுக்காகக் கடலூரில் ஆசிரியப் பணியாற்றிய இரா. நடராசன் பெற்றார், நம் மாவட்டத்திற்கே அது பெருமை. 2020இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள்மீதான பாலியல் சீண்டலை அவர்களுக்கே விளங்கும்படி பேசுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பள்ளிப் பருவத்தில் பாடநூலன்றி வேறு நூலைக் கண்டதில்லை. இருபதாம் வயதில் சிறார் நூலொன்றைக் கையிலெடுத்தபோது மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் தங்கைக்கு அதைப் படித்துக் காட்டினேன். என்னால் விடைகூற இயலாத மூன்று கேள்விகளைக் கேட்டாள். அவ்வயதில் நான் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

இத்தகைய நூல்கள் சிற்றூர்க் குழந்தைகளின் கைக்கு வந்தால்தான் விருதின் நோக்கம் நிறைவேறும். நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது ஆளுக்கொரு சிறார் நூலை எடுத்துச் செல்வோமாக!